தலையில் ஒன்று, ஹேண்டில்பாரில் ஒன்று

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மோவாப் என்றொரு சிற்றூர். செம்பாறையும் மணலுமாகக் கிடக்கும் அந்த வறண்ட பூமியில் 1995-ல் ஒரு சைக்கிள் பந்தயம் தொடங்கியது. சனிக்கிழமை நண்பகலில் புறப்பட்டு ஞாயிற்றுக்கிழமை நண்பகல் வரை, ஒரே மலைப்பாதையைச் சுற்றிச் சுற்றி வர வேண்டும். ஒரு சுற்று சுமார் 24 கி.மீ. நான்கு பேர் அணியாகச் சேர்ந்து மாறி மாறி ஓட்டலாம். கேட்பதற்கு எளிதுதான். ஆனால் பந்தயம் நடந்தது அக்டோபர் மாதத்தில். அங்கே அப்போது மாலை 7 மணிக்கு முன்பே சூரியன் விழுந்துவிடும். மறுநாள் காலை ஏழரை மணிவாக்கில்தான் எட்டிப் பார்க்கும். பந்தயத்தின் சரிபாதி, இருட்டில்.

இந்தப் பைத்தியக்காரத்தனத்துக்கு மோவாப் முன்னோடி அல்ல. கிழக்கே மேற்கு வர்ஜீனியாவின் கேனன் பள்ளத்தாக்கில் லேர்ட் நைட் என்பவர் 1992-லேயே இதே பாணியில் ஒரு 24 மணி நேரப் பந்தயத்தை நடத்திக் காட்டியிருந்தார். அதே பந்தயத்தில் 1996-ல் ஜான் ஸ்டாம்ஸ்டாட் என்ற வீரர் தன் பெயரையே நான்கு விதமாக எழுதி, நான்கு பேர் அணி போலப் பதிவு செய்துகொண்டு, 24 மணி நேரமும் தான் ஒருவராகவே ஓட்டினார். தனி ஆளுக்கென்று அப்போது பிரிவே கிடையாது. அதன் பிறகுதான் தனியாக ஓட்டுவதும் ஒரு பந்தய வகையாக வேரூன்றியது.

மலை சைக்கிள் விளக்குகள் உண்மையில் வளர்ந்தது இந்தப் பந்தயங்களில்தான். தெரு விளக்கு இல்லாத, கல்லும் வேரும் நிறைந்த பாதையில் ஒருவர் இரவு முழுக்க வேகமாகப் போக வேண்டும் என்றால் அவருக்கு என்ன தெரிய வேண்டும்? "நிறைய வெளிச்சம்" என்பது கடைக்காரர் சொல்லும் பதில். அது பாதி பதில்தான்.

முதலில் அந்தப் பாதியைப் பார்த்துவிடலாம். மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் போகிறவர் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 7 மீட்டர் கடக்கிறார். எதிரே ஒரு பாறையைக் கண்டு, மூளை விழித்து, விரல் பிரேக்கைத் தொட ஒரு நொடி என்று வைத்துக்கொண்டால் அந்த 7 மீட்டர் போயே போயிற்று. மண் பாதையில் சைக்கிள் நிற்க இன்னும் 6 மீட்டர். ஆக, 13 மீட்டர் தூரமாவது தெளிவாகத் தெரிய வேண்டும். இறக்கத்தில் வேகம் 40 கி.மீ. ஆகிவிட்டால் இதே கணக்கு 26 மீட்டரைத் தாண்டுகிறது. வேகம் இரு மடங்குகூட ஆகவில்லை, தேவையான தூரம் இரு மடங்காகிவிட்டது. வெளிச்சம் அதைவிட மோசமான கணக்குப் பிள்ளை. இரு மடங்கு தூரத்தில் அதே பிரகாசம் வேண்டுமானால் நான்கு மடங்கு ஒளி வேண்டும். ஆண்டுக்கு ஆண்டு விளக்குகளின் லூமென் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போவதற்குப் பின்னால் விளம்பர ஆசை மட்டுமல்ல, இந்தக் கணக்கும் இருக்கிறது.

ஆனால் ஆயிரம் லூமென் விளக்கைத் தலையில் மட்டும் கட்டிக்கொண்டு காட்டுப் பாதையில் இறங்குகிறவருக்கு ஒரு விசித்திரம் காத்திருக்கிறது. எல்லாம் பளிச்சென்று தெரியும். ஆனால் எது மேடு, எது பள்ளம் என்று மட்டும் தெரியாது. பாதை ஒரு புகைப்படம் போலத் தட்டையாகிவிடும். முழங்கை அளவு பள்ளம் இருக்கும் இடத்தில் கொஞ்சம் நிறம் மாறிய மண் இருப்பதாகத்தான் கண் சொல்லும். சக்கரம்தான் உண்மையைக் கண்டுபிடிக்கும்.

காரணம் நிழல். கண் ஆழத்தை அறிய நம்பும் அடையாளங்களில் அது முக்கியமானது. ஒரு பொருளின் நிழல் தெரிய வேண்டும் என்றால், ஒளி வரும் இடமும் பார்க்கும் கண்ணும் வேறு வேறு இடத்தில் இருக்க வேண்டும். ஹெல்மெட் விளக்கு கண்ணுக்கு ஒரு சாண் மேலே இருக்கிறது. அது உண்டாக்கும் நிழல் எல்லாம் அந்தந்தக் கல்லுக்குப் பின்னாலேயே ஒளிந்துகொள்கிறது.

இதைக் காகிதத்தில் கோடு போட்டே பார்த்துவிடலாம். 10 மீட்டர் தூரத்தில் 10 செ.மீ. உயரக் கல் ஒன்று கிடக்கிறது. ஓட்டுபவரின் கண் தரையிலிருந்து 1.6 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கல்லுக்குப் பின்னால் 67 செ.மீ. தூரத்துக்குத் தரை அவருக்குத் தெரியாது, கல்லே மறைத்துவிடும். ஹெல்மெட் விளக்கு 1.75 மீட்டர் உயரத்தில் இருந்தால் அதன் நிழல் 61 செ.மீ. நீளம். அதாவது, மறைந்த பகுதிக்குள்ளேயே நிழலும் அடக்கம். ஒரு செ.மீ. நிழல்கூடக் கண்ணுக்கு எட்டாது. இப்போது விளக்கை ஹேண்டில்பாருக்கு, ஒரு மீட்டர் உயரத்துக்கு இறக்குங்கள். நிழல் 1.11 மீட்டராக நீள்கிறது. மறைந்தது போக சுமார் 45 செ.மீ. நீளத்துக்கு ஒரு கறுப்புப் பட்டை கல்லுக்குப் பின்னால் தெரிகிறது. "இங்கே ஏதோ நிற்கிறது" என்று அதுதான் எச்சரிக்கிறது. விளக்கு பழையதேதான். முக்கால் மீட்டர் இறக்கி வைத்தது மட்டுமே வித்தியாசம்.

இதற்காக இன்னும் இன்னும் கீழே இறக்கிக்கொண்டே போவதும் நல்லதல்ல. முன்சக்கரத்துக்கு அருகே விளக்கை வைத்தால் கூழாங்கல்லும் குன்றாகத் தெரியும். சின்ன மேடுகூட நீண்ட நிழலை விரித்து, அதன் பின்னே இருக்கும் தரையை முழுக்க விழுங்கிவிடும். தேவையில்லாத இடத்தில் பிரேக் பிடிக்கத் தோன்றும். ஹேண்டில்பார் உயரம் ஏதோ பொறியாளர் கண்டுபிடித்த மாய அளவல்ல. விளக்கு மாட்ட வசதியான இடம், அதிர்ஷ்டவசமாக நிழலுக்கும் தோதான இடமாக அமைந்துவிட்டது.

அப்படியானால் ஹெல்மெட் விளக்கு எதற்கு? ஹேண்டில்பார் விளக்குக்குத் தெரிந்ததெல்லாம் முன்சக்கரம் பார்க்கும் திசை மட்டும்தான். மலைப்பாதையோ கொண்டை ஊசி வளைவுகளால் ஆனது. வளைவுக்குள் நுழையும் முன்பே ஓட்டுபவரின் கண் வளைவின் மறுமுனைக்குப் போய்விடுகிறது. அந்த நொடியில் ஹேண்டில்பார் விளக்கு நேரே எதிரில் உள்ள மரத்தையோ, வெட்டவெளியையோ வெளிச்சம் போட்டுக் காட்டிக்கொண்டிருக்கும். செல்ல வேண்டிய பாதை இருட்டில் கிடக்கும். முன்சக்கரத்தைத் தூக்கி ஒரு படியைத் தாண்டும்போது அந்த விளக்கு வானத்தைப் பார்க்கும். கற்கள் நிறைந்த இறக்கத்தில் ஹேண்டில்பாரோடு சேர்ந்து அதுவும் நடுங்கும். தலையில் உள்ள விளக்குக்கு இந்தத் தொல்லைகள் குறைவு. கழுத்து ஒரு நல்ல அதிர்வுதாங்கி. கண் எங்கே போகிறதோ அங்கே ஒளியும் போகிறது. டயர் பஞ்சரானால் இரண்டு கையும் வேலை செய்ய, வெளிச்சம் தானாகக் கிடைக்கிறது.

அதற்கு இன்னொரு வேலையும் உண்டு, பலர் கவனிக்காதது. பந்தயப் பாதையில் ஒட்டியிருக்கும் ஒளிரும் பட்டைகள், வந்த ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்பும் வகையைச் சேர்ந்தவை. மான், நரி, பூனை போன்றவற்றின் கண்களும் விழித்திரைக்குப் பின்னால் உள்ள ஒரு படலத்தால் அப்படித்தான் செய்கின்றன. திரும்பி வரும் ஒளி விளக்கை நோக்கியே வருகிறது. விளக்கு கண்ணுக்கு அருகில் இருந்தால்தான் அது கண்ணிலும் விழும். நிழலைத் தொலைத்த அதே நெருக்கம், இங்கே வரமாகிறது. புதருக்குள் மின்னும் இரண்டு பச்சைப் புள்ளிகளை முதலில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் ஹெல்மெட் விளக்குதான்.

இதனால்தான் இரவில் ஓட்டிப் பழகியவர்கள் இரண்டையும் வைத்துக்கொள்கிறார்கள். ஹேண்டில்பாரில் அகலமாகப் பரவும் ஒளி. தலையில் குறுகிய, தூரம் போகும் ஒளி. முன்னால் இருக்கும் 10, 15 மீட்டர் தரையை ஹேண்டில்பார் விளக்கு நிழலோடு வரைந்து காட்ட, அதற்கு அப்பால் உள்ளதை ஹெல்மெட் விளக்கு துழாவுகிறது. புதிதாக வாங்குகிறவர்கள் செய்யும் தவறு, அதிக சக்தி வாய்ந்ததைத் தலையில் கட்டிக்கொள்வது. அது ஹேண்டில்பார் விளக்கு கஷ்டப்பட்டு உண்டாக்கிய நிழலையெல்லாம் நிரப்பி அழித்துவிடும். இரண்டு விளக்கு வாங்கியும் தட்டையான பாதைதான் மிச்சம். தலையில் உள்ளது கொஞ்சம் அடங்கியே இருக்கட்டும். இரண்டில் ஒன்று நடுக்காட்டில் அணைந்து போனால், மெதுவாகவாவது ஊர் வந்து சேர மற்றது இருக்கும் என்பது தனி லாபம்.

பனியும் புழுதியும் வந்தால் கதை மாறும். காற்றில் மிதக்கும் ஒவ்வொரு துளியும் ஒளியைத் திருப்பி அடிக்கும். ஹெல்மெட் விளக்கு போட்டவர் முன்னால் ஒரு வெள்ளைச் சுவர் எழும்பும். கார் ஓட்டுபவர்கள் மூடுபனியில் பெரிய விளக்கைப் போட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்ட அதே பாடம். ஸ்காட்லாந்தின் மலைப் பகுதியில் ஸ்ட்ராத்பஃபர் என்ற 24 மணி நேரப் பந்தயத்துக்கு வேண்டுமென்றே ஜனவரி மாதத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தப் பருவத்தில் அங்கே இரவு மட்டும் 17 மணி நேரம் நீள்கிறது. அப்படிப்பட்ட குளிரில் ஏற்றத்தில் மூச்சு வாங்கினால் வாயிலிருந்து வரும் ஆவியே விளக்கின் முன் திரை போடும். அப்போது தலை விளக்கைக் குறைத்துவிட்டு ஹேண்டில்பார் விளக்கை நம்புவதே வழி. பேட்டரிக்கும் குளிர் ஆகாது. அதைச் சட்டைக்குள் வைத்து உடல் சூட்டில் காப்பாற்றிக்கொண்டு, தலைக்கு ஒயர் மட்டும் இழுத்துக்கொள்பவர்கள் உண்டு.

முதல் தலைமுறை ஓட்டுநர்களுக்கு இவ்வளவு தேர்வு கிடையாது. இந்தியாவில் ஒரு தலைமுறைக்கே சைக்கிள் விளக்கு என்றால் டைனமோதான். டயரில் உரசிக்கொண்டு கிர்ரென்று சத்தமிடும் புட்டி. 6 வோல்ட், 3 வாட். மிதித்தால் எரியும், நின்றால் அணையும். மணிக்கு 6 கி.மீ. வேகத்தில் மூச்சிரைக்க ஏறும் மலைப்பாதையில் அது மின்மினிக்குச் சமம். கலிபோர்னியாவில் முளைத்த சிறு நிறுவனங்கள் வேறு வழி தேடின. அவற்றில் ஒன்றான லைட் அண்ட் மோஷன், கடலுக்கடியில் படமெடுப்பவர்களுக்குச் சாதனங்கள் செய்து பழகிய நிறுவனம். தண்ணீர் புகாத விளக்கு அவர்களுக்குப் புதிதல்ல. பல்பு, ஸ்லைடு புரொஜெக்டரிலும் நகைக்கடைக் கண்ணாடிப் பெட்டியிலும் எரியும் சிறு ஹாலஜன். பேட்டரி, சைக்கிளின் தண்ணீர்ப் புட்டி வைக்கும் இடத்தில் உட்காரும் கனத்த உருளை. 12 வாட் பல்பு 2 மணி நேரம் எரிய வேண்டுமானால் ஈய பேட்டரி ஏறக்குறைய முக்கால் கிலோ எடை இருக்கும். கிடைப்பதோ 200 லூமென் சொச்சம். தாகத்துக்குத் தண்ணீரா, இருட்டுக்கு வெளிச்சமா என்று தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை.

அதை மாற்றியவை இரண்டு. சோனி நிறுவனம் 1991-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயான் பேட்டரி ஒன்று. ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் பணியாற்றிய ஷூஜி நாகமுரா 1993-ல் உலகுக்குக் காட்டிய பிரகாசமான நீல எல்.இ.டி. மற்றொன்று. நீல ஒளிக்கு மேல் மஞ்சள் ஒளி தரும் பாஸ்பர் பூசினால் வெள்ளை ஒளி கிடைக்கும். இரண்டுக்கும் பின்னாளில் நோபல் பரிசு கிடைத்தது. நீல எல்.இ.டி.க்கு 2014-ல், பேட்டரிக்கு 2019-ல். பரிசுக் குழுவினர் மனதில் சைக்கிள் இருந்திருக்காது. ஆனால் பழைய முக்கால் கிலோ பேட்டரியின் மின்சாரத்தை இப்போது 100 கிராமுக்கும் குறைவான இரண்டு செல்கள் தருகின்றன. அதே மின்சாரத்தில் எல்.இ.டி. ஐந்தாறு மடங்கு ஒளி தருகிறது. ஹெல்மெட்டில் விளக்கு கட்டுவது கழுத்து வலியாக இல்லாமல் போனது இதனால்தான்.

வெளிச்சம் மலிவானதும் வேறு வம்புகள் வந்தன. காட்டுப் பாதையில் எதிரே யாரும் வருவதில்லை, சாலையில் வருகிறார்கள். தலை விளக்கோடு ஒருவர் திரும்பிப் பார்த்தால் எதிரே வருகிற பைக் ஓட்டுநருக்குச் சில நொடிகள் கண் இருட்டிவிடும். சைக்கிள் விளக்கின் ஒளி மேல்நோக்கிச் சிதறாமல் வெட்டப்பட்டிருக்க வேண்டும் என்று ஜெர்மனியின் போக்குவரத்து விதிகள் கட்டாயப்படுத்துகின்றன. இந்தியாவிலும் பல நகரங்களில் நடக்கும் 300, 400, 600 கி.மீ. பிரவே பயணங்கள் இரவைத் தாண்டித்தான் முடிகின்றன. அந்த விதிகளின்படி விளக்கு சைக்கிளோடு பொருத்தப்பட்டிருக்க வேண்டும். தலையில் இருப்பது கணக்கில் சேராது. காட்டுக்குள் இருந்து தார்ச் சாலைக்கு வந்ததும் தலை விளக்கை அணைத்துவிடுவதே மரியாதை.

காடு என்றதும் இந்திய வாசகருக்கு யானை நினைவு வரும். நியாயம்தான். பந்திப்பூர் புலிகள் காப்பகத்தின் வழியே செல்லும் நெடுஞ்சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துக்கு 2009-ல் தடை வந்தது விலங்குகளை முன்னிட்டுத்தான். லாரிக்கே அனுமதியில்லாத இரவில் சைக்கிளுக்கு என்ன வேலை? எத்தனை லூமென் இருந்தாலும் வனத்துறையின் காடுகள் இரவு ஓட்டத்துக்கான இடமல்ல. ஊரை ஒட்டிய குன்றுகளும், உரிமையாளர் அனுமதித்த தோட்டப் பாதைகளும் போதும்.

வாங்கும் இடத்தில்தான் பெரிய ஏமாற்று. "10,000 லூமென், 6 மணி நேரம்" என்று அட்டைப் பெட்டியில் அச்சடித்து, ஒரு ஹோட்டல் சாப்பாட்டு விலைக்குச் சற்று மேலே விற்கிறார்கள். இதை உடைக்கப் பள்ளிக்கூடக் கணக்கு போதும். இந்த விளக்குகளில் பெரும்பாலும் இருப்பது 18650 எனப்படும் செல். 18 மி.மீ. குறுக்களவு, 65 மி.மீ. நீளம். நல்ல கம்பெனி செல் ஒன்றின் கொள்ளளவு அதிகபட்சம் 3,500 மில்லி ஆம்பியர் மணி அளவில்தான். 9,900 என்று எழுதியிருந்தால் அது பொய். நான்கு நல்ல செல்கள் சேர்ந்தால் சுமார் 50 வாட் மணி. வாட்டுக்கு 100 லூமென் என்று தாராளமாகவே வைத்தாலும் 10,000 லூமெனுக்கு 100 வாட் வேண்டும். அரை மணி நேரத்தில் பேட்டரி காலி. 6 மணி நேரம் எரிய வேண்டுமானால் அது 800 லூமென் விளக்காகத்தான் இருக்க முடியும். அது நல்ல விளக்குதான், அப்படியே சொல்லி விற்கலாம். விற்பதில்லை.

நேர்மையான நிறுவனங்களின் எண்ணிலும் ஒரு நுணுக்கம் உண்டு. கைவிளக்குகளுக்காக 2009-ல் அமெரிக்காவில் வந்த எஃப்.எல்.1 தர அளவுகோலின்படி, ஒளியை விளக்கு போட்ட முதல் இரண்டு நிமிடங்களுக்குள் அளக்கிறார்கள். எரியும் நேரத்தையோ, ஒளி பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை எண்ணுகிறார்கள். பெட்டியில் உள்ள "4 மணி நேர"த்தில் கடைசி ஒரு மணி நேரம் மெழுகுவத்தியாக இருக்கக்கூடும். விளக்கு சூடானால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே ஒளியைக் குறைத்துக்கொள்ளும் என்பது இன்னொன்று. ஓடும்போது வீசும் காற்றுதான் அதற்கு ஒரே குளிர்ச்சி. மெதுவாக ஏறும்போது அந்தக் காற்றும் இல்லை. ஏற்றத்தில் ஒளியைக் குறைத்து இறக்கத்துக்கு மிச்சம் பிடிப்பது பந்தய வீரர்களின் பழைய வழக்கம்.

மலிவு பேட்டரியைத் தலைமாட்டில் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்குவது வேண்டாம்; லித்தியம் தீப்பிடித்தால் அணைப்பது கடினம். விமானத்தில் போகிறவர்கள் கழற்றிய பேட்டரியைக் கைப்பையில்தான் எடுத்துச் செல்ல வேண்டும், சரக்குப் பெட்டியில் அனுமதியில்லை. புதிய விளக்கு வந்ததும் முழுக்க சார்ஜ் செய்து, ஓடும் மின்விசிறி முன்னால் வைத்து, முழு வெளிச்சத்தில் எரியவிட்டு, கடிகாரத்தில் நேரம் குறித்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கே தெரியும்படி மங்கும் நேரம் எதுவோ, அதில் பாதித் தொலைவுக்கு மட்டும் முதல் இரவு போய்த் திரும்புங்கள்.